பிடிபட்ட ஊரில் நிலம் வாங்கிய தீர்க்கதரிசி

எரேமியா 32-ஆம் அதிகாரத்தை எடுத்தால் பலர் முதல் 15 வசனங்களை வேகமாகத் தாண்டிவிட்டு, “என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ?” என்ற 27-ஆம் வசனத்தில் போய் நிற்கிறார்கள். நல்ல வசனம்தான், நாள்காட்டியில் இருக்கிறது, பல வீடுகளில் சுவரிலும் தொங்குகிறது. ஆனால் கர்த்தர் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பது, நாம் தாண்டிப்போன அந்த 15 வசனங்களில்தான் இருக்கிறது. அங்கே வருவதெல்லாம் நிலம், கிரயம், தராசு, சாட்சிகள், பத்திரம், ஒரு மண்பாண்டம். தேவனுடைய வாக்குத்தத்தத்தை நம்புவது என்றால் கையும் காலுமாக அது எப்படி இருக்கும் என்று வேதத்தில் ஓர் இடத்தைக் காட்டச் சொன்னால், நான் இந்த நிலக்கிரயத்தைத்தான் காட்டுவேன். விசுவாச வீரர்களைப் பட்டியலிடும் எபிரெயர் 11-இல் எரேமியாவின் பெயர் தனியாக வரவில்லை, தீர்க்கதரிசிகள் என்ற பொதுப்பெயருக்குள் அடங்கிவிடுகிறார். இருந்தாலும் அந்தப் பட்டியலை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

முதலில் அது எப்படிப்பட்ட காலம் என்று பார்த்துவிடலாம், அது தெரியாமல் இந்தக் கிரயத்தின் கனம் பிடிபடாது. கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமை ஒருமுறை பிடித்துவிட்டான்; இதைப் பாபிலோனியர்களின் சொந்தக் களிமண் பலகைக் குறிப்பே சொல்கிறது. ராஜா யோயாக்கீனையும், அரண்மனைக்காரர்களையும், தச்சர் கொல்லர்களையும் கொண்டுபோய்விட்டு, சிதேக்கியாவைத் தன் ஆளாகச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தான். சிதேக்கியா சில வருஷம் அடங்கி இருந்தான், அப்புறம் எகிப்தை நம்பிக் கலகம் செய்தான். அதன் பலன், அவனுடைய 9-ஆம் வருஷம் 10-ஆம் மாதத்தில், அதாவது கி.மு. 588-இன் தொடக்கத்தில், கல்தேயப் படை, அதாவது பாபிலோனியப் படை, வந்து நகரத்தைச் சுற்றி வளைத்தது. யூதாவின் அரணான பட்டணங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. லாகீசும் அசெக்காவும் மட்டும்தான் மிச்சம் என்று எரேமியா 34:7 சொல்லும் ஒரு கட்டம் வந்தது. 1935-இல் லாகீசின் நகரவாசல் அறையில் தோண்டியபோது மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன, படைவீரர்கள் எழுதிய கடிதங்கள். அதில் ஒன்றில் ஒருவர், லாகீசின் நெருப்புச் சைகைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்கா எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். இந்த இரண்டு பெயர்களையும் வேதத்தில் ஒரு தடவை, ஓட்டில் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், முற்றுகை என்பது எவ்வளவு நெருங்கி வந்திருந்தது என்பது புரியும்.

இடையில் ஒரு மூச்சு விடும் நேரம் கிடைத்தது. பார்வோனின் படை எகிப்திலிருந்து புறப்பட்டது என்று கேள்விப்பட்டுக் கல்தேயர் தற்காலிகமாகக் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு விலகினார்கள். அந்த நேரத்தில் எரேமியா பென்யமீன் நாட்டுக்குப் போகப் புறப்பட்டார், வாசலிலேயே காவலர் தலைவன் பிடித்து, நீ எதிரியிடம் ஓடுகிறாய் என்று குற்றம் சாட்டினான். அடித்து நிலவறையில் போட்டார்கள். அவர் ராஜாவிடம் மன்றாடிய பிறகு காவற்சாலையின் முற்றத்துக்கு மாற்றினார்கள், அப்பம் சுடுகிறவர்களின் வீதியிலிருந்து நாளுக்கு ஓர் அப்பம் கொடுக்கச் சொல்லி உத்தரவு. நகரத்தில் அப்பம் தீரும்வரை அதுதான் அவருக்குச் சாப்பாடு. கல்தேயரும் திரும்பி வந்துவிட்டார்கள், மதிலைப் பிடிக்க அவர்கள் போட்ட மண்மேடு அதற்கு எதிரே ஏறிக்கொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் பெரியப்பா மகன் அனாமெயேல் வருகிறான். வந்து, ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை நீ வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் இருக்கிறது என்கிறான்.

ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே ஐந்து கிலோமீட்டர் போலத்தான், இன்றைக்கும் அனாத்தா என்ற பெயரில் அங்கே ஊர் இருக்கிறது. எருசலேமையே சுற்றி வளைத்திருக்கும் படை அவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊரை விட்டுவைத்திருக்காது. ஆக, எதிரியின் குதிரைகள் மேயும் நிலத்தை, சிறையில் இருக்கும் ஒருவர், தலைக்கு மேல் சாவு நிற்கும் நேரத்தில், காசு கொடுத்து வாங்க வேண்டும். அதுவும் யாருக்காக? ஆனதோத்துக்காரர்கள் ஏற்கெனவே எரேமியாவைக் கொல்லத் திட்டம் போட்டவர்கள் (11:21). உன் சகோதரரும் உன் தகப்பன் வீட்டாருமே உனக்குத் துரோகம் செய்தார்கள் என்று கர்த்தர் அவருக்கே சொல்லியிருக்கிறார் (12:6). அந்த வீட்டிலிருந்து ஒருத்தன் வந்து நிலத்தை வாங்கிக்கொள் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் முகம் கொடுத்துப் பேசுவோம்?

அனாமெயேல் கேட்டது வெறும் உதவி இல்லை, அதற்குப் பின்னால் சட்டம் இருந்தது. லேவியராகமம் 25-இன்படி தேசம் கர்த்தருடையது, அதை நிரந்தரமாக விற்கவே கூடாது. ஒருவன் ஏழையாகி நிலத்தை விற்க நேர்ந்தால் நெருங்கிய உறவினன் வந்து மீட்க வேண்டும், நிலம் குடும்பத்தைவிட்டுப் போகக் கூடாது. ரூத்தின் கதையில் போவாஸ் செய்ததும் இதே கடமையைத்தான், நாபோத் ராஜா ஆகாபுக்குத் திராட்சத்தோட்டத்தைத் தர மறுத்து உயிரைவிட்டதும் இந்தக் காரணத்துக்காகத்தான். அதாவது நிலத்தைக் கையில் வைத்திருப்பது என்பது, தேவன் ஆபிரகாமுக்குச் சொன்ன சொல் இன்னும் செல்லும் என்பதற்கு ஒவ்வொரு குடும்பமும் வைத்திருந்த அத்தாட்சி. தேசமே கைவிட்டுப் போகும்போது அந்தச் சட்டத்தைக் கடைப்பிடிக்க என்ன அர்த்தம் இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். எரேமியாவே மனதுக்குள் கேட்டார், அது பிறகு தெரியவரும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு மிகவும் பிடித்த இடம். அனாமெயேல் வருவான் என்று கர்த்தர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவன் வந்து அதே வார்த்தையைச் சொன்ன பிறகுதான், “இது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன்” என்கிறார் எரேமியா (32:8). நாற்பது வருஷம் போலத் தீர்க்கதரிசனம் சொன்ன மனிதர், கேட்ட சத்தம் தேவனுடையதுதானா என்பதை நடந்ததைப் பார்த்து உறுதி செய்துகொள்கிறார். இதில் அவசரமும் இல்லை, பெருமையும் இல்லை.

சரி, கிரயத்துக்கு வருவோம். விலை 17 சேக்கல் வெள்ளி. அப்போது யூதாவில் நாணயம் அடித்துப் புழங்கும் வழக்கம் இல்லை, வெள்ளியைத் துண்டுகளாகத் தராசில் நிறுத்துத்தான் கொடுப்பார்கள். யூதாவில் கிடைத்த எடைக்கற்களின்படி ஒரு சேக்கல் ஏறக்குறைய 11.3 கிராம், ஆக மொத்தம் சுமார் 190 கிராம் வெள்ளி. தாவீது எருசலேமில் களத்தையும் மாடுகளையும் வாங்கக் கொடுத்தது 50 சேக்கல். எரேமியா கொடுத்தது பெரிய தொகை என்று சொல்ல முடியாது, ஆனால் பஞ்சம் உள்ளே வந்துகொண்டிருக்கும் நகரத்தில் கையில் இருக்கும் வெள்ளி அப்பத்துக்குத்தான் போகும். ஒரு நாளைக்கு ஓர் அப்பத்தில் உயிர் வாழ்கிறவர் அதைக் கண்ணால் பார்க்க முடியாத வயலுக்கு நிறுத்துக் கொடுக்கிறார்.

அப்புறம் பத்திரம். இந்தப் பகுதியை எரேமியா ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரைப் போல ஒவ்வொரு படியாகச் சொல்கிறார், எதையும் விடவில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன், முத்திரை வைத்தேன், சாட்சிகளை வைத்தேன், வெள்ளியைத் தராசில் நிறுத்தேன் என்கிறார். ஒரே கிரயத்துக்கு முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. திறந்தது தேவைப்படும்போது பார்ப்பதற்கு, மூடியது பிற்காலத்தில் தகராறு வந்தால் உடைத்துப் பார்த்து ஒப்பிடுவதற்கு. யாரும் நடுவில் திருத்த முடியாது. இந்த முறை வெகுகாலம் நீடித்திருக்கிறது, கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இதேபோன்ற இரட்டைப் பத்திரங்கள் யூதேயா வனாந்தரக் குகைகளில் கிடைத்திருக்கின்றன.

முத்திரை என்றால் நாம் நினைக்கும் மை முத்திரை அல்ல. பாப்பிரஸ் தாளைச் சுருட்டி, நூலால் கட்டி, முடிச்சின்மேல் களிமண் உருண்டையை வைத்து அதில் முத்திரையை அழுத்துவார்கள். 1982-இல் எருசலேமின் தாவீதின் நகரம் என்ற பகுதியில் இகால் ஷிலோவின் குழு தோண்டியபோது, பாபிலோனியர் எரித்த ஒரு கட்டடத்தில் இப்படிப்பட்ட 51 களிமண் முத்திரைகள் கிடைத்தன. நெருப்பில் தாள்கள் சாம்பலாகிவிட்டன, களிமண் சுடப்பட்டு இறுகிவிட்டது. அதில் ஒன்றில் சாப்பானின் குமாரன் கெமரியாவின் பெயர் இருக்கிறது. எரேமியா 36-இல் எரேமியாவின் எழுத்தர் பாருக் சுருளை வாசித்த அறை சாப்பானின் குமாரன் கெமரியாவின் அறைதான். அதாவது அந்த நகரத்தில் பத்திரம் எழுதி முத்திரை வைத்த மனிதர்கள் நிஜமாக இருந்தார்கள், அவர்களுடைய பத்திரங்கள் எரிந்தும் போயின. நகரம் எரியப் போகிறது என்று எரேமியாவுக்குத் தெரியும், எல்லாரையும்விட அவருக்குத்தான் அது நன்றாகத் தெரியும். அதனால்தான் பத்திரங்களைப் பாருக்கிடம் கொடுத்து, இவை அநேக நாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வை என்கிறார். மண்பாண்டத்தில் எழுதிய சுருள் எவ்வளவு காலம் தாங்கும் என்றால், 1947-இல் சவக்கடல் ஓரத்துக் குகையில் கிடைத்த சுருள்கள் ஜாடிகளுக்குள்தான் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் இருந்தன. பிறகு, முற்றத்தில் உட்கார்ந்திருந்த யூதர் எல்லாருக்கும் கேட்கும்படி, இந்தத் தேசத்தில் இனியும் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்ற கர்த்தருடைய வார்த்தையைச் சொல்கிறார்.

இங்கே கதை முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். முடியவில்லை. பத்திரத்தைப் பாருக்கிடம் கொடுத்த கையோடு எரேமியா ஜெபிக்கிறார், அந்த ஜெபம் நேர்மையானது, கொஞ்சம் கலங்கியது. உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை என்று ஆரம்பித்து, எகிப்திலிருந்து கொண்டுவந்தது, தேசத்தைக் கொடுத்தது எல்லாம் சொல்லி, கடைசியில் உள்ளே இருப்பதை வெளியே போடுகிறார்: இதோ மண்மேடுகள் நகரத்தண்டை வந்துவிட்டன, நீர் சொன்னது நடந்துவிட்டது, நீரே பார்க்கிறீர், ஆனாலும் காசு கொடுத்து நிலத்தை வாங்கு, சாட்சிகளை வை என்று என்னிடம் சொன்னீரே. அத்தோடு நிறுத்திவிடுகிறார். கேள்வி என்று எதுவும் இல்லை, ஆனால் முழுக்கக் கேள்விதான்.

கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு அப்புறம் வெள்ளியை நிறுக்கவில்லை. வெள்ளியை நிறுத்து, முத்திரை வைத்து, எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டுத்தான் தனக்குப் புரியவில்லை என்று தேவனிடம் போகிறார். விசுவாசம் என்பது சந்தேகமே வராத மனநிலை என்று போதிக்கிறவர்கள் இந்த ஜெபத்தை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்க்க வேண்டும். கர்த்தரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. எரேமியா சொன்ன அதே வாக்கியத்தைத் திருப்பி, என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ என்று கேட்கிறார். கேட்டுவிட்டு உடனே ஆறுதல் சொல்லவும் இல்லை. நகரம் எரியும், அதைக் கல்தேயர் கையில் கொடுக்கிறேன் என்றுதான் பதில் தொடங்குகிறது. அதற்கு அப்புறம்தான் சிதறினவர்களைச் சேர்ப்பேன், நிலங்கள் வாங்கப்படும், பத்திரங்கள் எழுதி முத்திரை போடப்படும் என்று வருகிறது. எங்கெல்லாம் என்று ஊர்ப்பகுதிகளை வரிசையாகச் சொல்லும்போது முதலில் வருவது பென்யமீன் நாடு, ஆனதோத் இருக்கும் நாடு.

இரண்டையும் சேர்த்து நம்பியதுதான் எரேமியாவின் விசுவாசம். அழிவும் உண்டு, திரும்பி வருவதும் உண்டு. ஒன்றை வைத்து மற்றதை அவர் ரத்து செய்யவில்லை. இதற்கு நேர் எதிரில் நின்றவர் கிபியோன் ஊர்த் தீர்க்கதரிசி அனனியா. சிதேக்கியாவின் 4-ஆம் வருஷத்தில் ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும், இரண்டு வருஷத்துக்குள் பாபிலோனின் நுகம் முறியும், ஆலயத்துப் பணிமுட்டுகளும் யோயாக்கீனும் திரும்பி வருவார்கள் என்று சொல்லி, பாபிலோனுக்கு அடங்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தை எடுத்து உடைத்தார். எரேமியா அதற்குச் சொன்ன முதல் வார்த்தை ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்பதுதான். அவரும் அதைத்தான் விரும்பினார், ஆனால் அது கர்த்தர் சொன்னது இல்லை. அனனியாவின் வாக்கு கேட்பவர்களிடம் எதையும் கேட்கவில்லை. மனந்திரும்ப வேண்டாம், காத்திருக்க வேண்டாம், எதையும் இழக்க வேண்டாம், இரண்டு வருஷம் பொறுத்தால் போதும். ஜனங்களுக்கு அது பிடித்திருக்கும், சந்தேகமே இல்லை. அதே வருஷம் 7-ஆம் மாதத்தில் அனனியா இறந்துபோனார்.

புதுவருஷ ஆராதனையில் வாக்குத்தத்த வசனமாக நமக்குப் பலமுறை கிடைத்திருக்கும் எரேமியா 29:11, உங்கள்மேல் நினைத்திருக்கிற நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவை என்ற வசனம், இந்தச் சண்டைக்கு நடுவில் எழுதப்பட்டது. பாபிலோனில் இருந்த சிறையிருப்பின் ஜனங்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த பெரியவர்களில் அநேகமாக யாரும் உயிரோடு திரும்பப் போவதில்லை என்று அர்த்தம். அதனால்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்று எழுதுகிறார். 11-ஐ மட்டும் வெட்டி எடுத்து இந்த வருஷமே வேலை கிடைக்கும், வீடு கிடைக்கும் என்று சொல்வதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அது எரேமியாவின் வசனத்தை அனனியாவின் வாயில் போடுவது.

முற்றுகைக்குள் நடந்த இன்னொரு விஷயத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், எரேமியா 34-இல் இருக்கிறது. நெருக்கடி முற்றியபோது சிதேக்கியா ஜனங்களோடு உடன்படிக்கை செய்தான், எபிரெய அடிமைகளை எல்லாரும் விடுதலை செய்ய வேண்டும் என்று. கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி அதன் துண்டுகளுக்கு நடுவே நடந்துபோய்ச் சத்தியம் செய்தார்கள், செய்தபடியே விடுதலையும் செய்தார்கள். கல்தேயர் விலகினார்களோ இல்லையோ, அனுப்பியவர்களைத் திரும்பப் பிடித்து அடிமையாக்கிக்கொண்டார்கள். பயம் இருந்தவரை பக்தி, பயம் போனதும் பழைய கணக்கு. தேவன் தம் சொல்லைக் காப்பார் என்று எதிர்பார்த்த நகரம், தன் சொல்லை ஒரு சில மாதம்கூடக் காக்கவில்லை. அதே நகரத்தில், அதே வருஷத்தில், தனக்குத் துரோகம் செய்த குடும்பத்துக்கு உறவினன் செய்ய வேண்டிய கடமையைச் சிறையில் இருந்தபடி ஒருவர் கடைசி எழுத்துவரை சட்டப்படி செய்தார்.

எரேமியாவுக்கு அந்த நிலத்தால் என்ன பலன்? ஒன்றும் இல்லை. அவருக்கு மனைவி கிடையாது, பிள்ளை கிடையாது. இந்த இடத்தில் பெண் கொள்ளாதே, பிள்ளை பெறாதே என்று கர்த்தரே சொல்லியிருந்தார் (16:2). வாரிசு உரிமைக்காகவே இருக்கும் ஒரு சட்டத்தின்படி, வாரிசு இல்லாதவர் நிலம் வாங்குகிறார். கி.மு. 587-இல், சிலர் கணக்கில் 586-இல், மதில் உடைந்தது, அடுத்த மாதம் ஆலயம் எரிந்தது. பாபிலோனியத் தளபதி எரேமியாவை விடுவித்து, என்னோடு பாபிலோனுக்கு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவர் போகவில்லை, மிச்சமிருந்த ஏழைகளோடு தேசத்திலேயே தங்கினார். அதுவும் நீடிக்கவில்லை. ஆளுநர் கெதலியா கொலையானதும், பயந்த ஜனங்கள் எரேமியாவின் பேச்சைக் கேட்காமல் அவரையும் பாருக்கையும் எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். வேதத்தில் அவருடைய கடைசி வார்த்தைகள் எகிப்து மண்ணில்தான் கேட்கின்றன. ஆனதோத்து வயலில் அவர் கால் வைத்ததாக எந்த வசனமும் இல்லை.

கி.மு. 539-இல் பாரசீக ராஜா கோரேஸ் பாபிலோனைப் பிடித்தான், அடுத்த வருஷமே திரும்பிப் போக அனுமதி வந்தது. எஸ்றா முதல் வசனத்திலேயே இது எரேமியாவின் வாயினால் சொல்லப்பட்டது நிறைவேறுவதற்காக என்று எழுதுகிறார். இரண்டாம் அதிகாரத்தில் ஊர் ஊராகப் பெயர்ப்பட்டியல், பொதுவாக யாரும் வாசிக்காத பட்டியல். பெத்லகேமின் புத்திரர் 123, நெத்தோபாவின் மனிதர் 56, ஆனதோத்தின் மனிதர் 128. அவ்வளவுதான், ஒரு வரி. எரேமியாவைக் கொல்ல நினைத்த ஊரின் பேரப்பிள்ளைகள், அவர் யாருக்கும் பயன்படாத நேரத்தில் நிலம் வாங்கி வைத்த ஊருக்குத் திரும்புகிறார்கள். இந்த 128 என்ற எண்ணைத் தாண்டிப் போக எனக்கு மனசு வருவதில்லை. நெகேமியா 11-இலும் பென்யமீனியர் குடியிருந்த ஊர்களில் ஆனதோத் இருக்கிறது.

நிறைவேறிய விதத்தைப் பெரிதாக்கிச் சொல்லவும் கூடாது. வந்தவர்கள் ராஜா இல்லாமல் பாரசீக ஆட்சியின் கீழ் வரி கட்டி வாழ்ந்தார்கள், புது ஆலயத்தின் அஸ்திபாரத்தைப் பார்த்து பழைய ஆலயத்தைக் கண்ட முதியவர்கள் அழுதார்கள். நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் கைமாறின, ஆனால் எப்படி? நெகேமியா 5-இல், கி.மு. 445-ஐ ஒட்டிய காலத்தில், பஞ்சத்தில் தானியம் வாங்க ஜனங்கள் வயலையும் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைக்கிறார்கள், பிள்ளைகளைச் சொந்தச் சகோதரருக்கே அடிமையாக விடுகிறார்கள். எரேமியா பார்த்த அதே அநியாயம், அதே மண்ணில், கிட்டத்தட்ட 140 வருஷம் கழித்து. அப்போது ஆளுநராக இருந்த நெகேமியா கோபப்பட்டு, பிரபுக்களையும் அதிகாரிகளையும் கூட்டி நிறுத்தி, வாங்கிய வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் ஒலிவத்தோப்புகளையும் வீடுகளையும் வட்டியையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். திருப்பிக் கொடுக்கிறோம் என்கிறார்கள். அவர் ஆசாரியர்களை அழைத்துச் சத்தியம் வாங்குகிறார். சிதேக்கியாவின் நாளில் கன்றுக்குட்டித் துண்டுகளுக்கு நடுவே நடந்தவர்களும் இப்படித்தான் சத்தியம் செய்திருந்தார்கள். இந்த முறை சபையார் எல்லாரும் ஆமென் என்று சொல்லி, கர்த்தரைத் துதித்து, சொன்னபடியே செய்தார்கள் (5:13).